பிணத்துக்கும் ஒரு டிக்கெட்

"மச்சான், ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெடியா இரு. நம்ம மைன்ஸ் படத்துக்கு டிக்கெட் போட்டுட்டேன். எல்லாருக்கும்."

தங்கை வீட்டுக்காரன் ராஜேந்திரன் போனில் இப்படிச் சொன்னதும், சிங்காரவேலின் வாயிலிருந்த இட்லி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"அது இந்திப் படம் மாப்ள. நமக்கு இன்னா புரியும்?"

"புரியறதுக்கு ஒண்ணும் இல்லயாம் மச்சான். அதுல யாரும் பேசவே மாட்டாங்களாம். பேசாத படம் எந்த பாஷையா இருந்தா நமக்கின்னா?"

"நல்லால்லன்னு சொல்றாங்களே."

"ஃபாரின்ல எழுந்து நின்னு கை தட்டியிருக்கான். அவன்லாம் முட்டாளா?"

அத்தனை நேரம் உட்கார்ந்து கால் மரத்துப்போனவன் எழுந்துதான் நிற்பான். அதையெல்லாம் ஒரு பாராட்டு என்று பேப்பரில் போடுகிறார்கள். ஆனால் இதைச் சொல்வதற்குள் ராஜேந்திரன் போனை வைத்துவிட்டான்.

சிங்காரவேல் சுரங்கத்தில் பெல்ட் செக்‌ஷனில் பெர்மனென்ட். வெட்டிய நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் ஓடுகிறதா, நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. படம் நல்ல படமா கெட்ட படமா என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவனுக்கு இருந்த பயம் வேறு. அந்தப் படத்தில் அவன் பிணமாக நடித்திருக்கிறான்.

நடித்தது கூடத் தப்பில்லை. நடித்த நாள்தான் தப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பம்பாயிலிருந்து லாரி லாரியாகச் சாமான் வந்து இறங்கியது. சுரங்கத்துக்குள்ளே பல நாள் எடுத்துவிட்டு, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே மண்மேட்டில் படம் எடுத்தார்கள். டவுன்ஷிப்பே திரண்டு போய் வேலிக்கு வெளியே, ஆள் முகம் தெரியாத தூரத்தில் நின்றது. அதே ஞாயிற்றுக்கிழமைதான் கம்மாபுரம் பக்கம் ராஜேந்திரன் ஊரில், தங்கை சரிதாவின் மூத்த மகள் பவித்ராவுக்குக் காதுகுத்து. மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். அந்த ஒரு மடிக்காகத்தான் மாமன் என்ற உறவையே வைத்திருக்கிறார்கள்.

சிங்காரவேலின் பெண்டாட்டி கண்ணகி சீர்த்தட்டோடு முதல் நாளே போய்விட்டாள். இவன் நைட் ஷிப்ட் முடித்து நேராகப் போவதாக ஏற்பாடு. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தவன், மரத்தடியில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். கண் விழித்தால், எதிரே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் டைரக்டர்.

கூட இருந்த தமிழ்ப் பையன் சொன்னான். "சார் இந்த மாதிரி ஒரு செத்த மூஞ்சிய இந்தியா பூரா தேடியிருக்காராம். ஒரு மணி நேரம் வந்து படுங்கண்ணே. ஹீரோ உங்க மார்ல விழுந்து அழுவாரு."

சிங்காரவேலை அதுவரைக்கும் யாரும் எங்கேயும் தேடியதில்லை. போய்ப் படுத்தான்.

சினிமாக்காரன் சொல்லும் ஒரு மணி நேரத்தை நம்புகிறவன் உருப்படமாட்டான். முதலில் அவன் மேலிருந்த நிஜக் கரியைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். பிறகு டப்பாவிலிருந்து பம்பாய்க் கரியை எடுத்துப் பூசினார்கள். தாடையைச் சேர்த்துத் தலைக்கு மேல் வெள்ளைத் துணியால் வாய்க்கட்டுக் கட்டினார்கள். அப்புறம் டைரக்டர் வானத்தைப் பார்த்தார். மேகம் வரவேண்டுமாம். மேகம் சாயங்காலம்தான் வந்தது. ஹீரோவும் அப்போதுதான் வந்தார்.

அதற்குள் காதுகுத்து முடிந்துவிட்டது. மாமன் மடி இல்லாமல் தவித்து, கடைசியில் சிங்காரவேலின் பெரியப்பா மகன் சிவசங்கரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். சிவசங்கருக்கும் இவனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. சரிதா வீட்டு ஆல்பத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே சிவசங்கர் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். பவித்ரா அவனை "மடி மாமா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

"பெல்ட் அறுந்துபோச்சும்மா. ஒருத்தனையும் வெளிய வுடல" என்று சிங்காரவேல் தங்கையிடம் சத்தியம் செய்தான். கண்ணகியிடமும் அதையேதான் சொன்னான். சரிதா ஒரு வருஷம் பேசவில்லை. இரண்டாவது பெண் பிறந்தபிறகு மனசு இறங்கினாள். "கம்பெனி வேல அப்படித்தான், இன்னா பண்ணுவ. சின்னதுக்கு உம் மடிதான்ணா" என்று சொல்லியிருந்தாள். அந்தச் சின்னதுக்கு அடுத்த மாசம் காதுகுத்து.

நல்ல காரியத்துக்கு வராமல் போய்ப் பிணமாகப் படுத்திருந்தான் என்று தெரிந்தால், மடி மறுபடியும் சிவசங்கருக்குத்தான். அவன் இப்போதே புது வேட்டி எடுத்து வைத்திருப்பதாகக் கேள்வி.

ஒரு நம்பிக்கை இருந்தது. தன் சீனை வெட்டி எறிந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள, படம் பார்த்தவர்களிடம் விசாரித்தான்.

"ராயப்பா, நீ படம் பாத்தியே, அதுல சாவு சீனு ஏதாவது வருதா?"

கூட வேலை செய்யும் ராயப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "நான் எடைவேளையில வந்துட்டேம்பா. என்னை வுட்டுடு."

அடுத்த ஷிப்ட் குமரவேலைக் கேட்டான். அவன் இடைவேளை வரைக்கும்கூட இருக்கவில்லை. கேன்டீனில் கேட்டான். டைம் ஆபீசில் கேட்டான். ஊரே பார்த்த படம், ஆனால் பின்பாதியைப் பார்த்த ஒரு ஆள் அகப்படவில்லை. ஆபீசர் ஒருவர் முழுதும் பார்த்ததாகச் சொன்னார். "அற்புதம்" என்றார். சாவு சீன் உண்டா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நாமே உணரவேண்டியது" என்றார். அவரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் சிங்காரவேல் ஜுரம் என்று படுத்தான். தலையோடு தாடையைச் சேர்த்து மப்ளர் கட்டிக்கொண்டு, போர்வைக்குள்ளிருந்து முனகினான்.

"கண்ணகி, மாப்ளைக்கிப் போன் போட்டு எனக்கு முடியலன்னு சொல்லிடு. நீங்க போய்ட்டு வாங்கன்னு சொல்லாத. யாருமே போவ வேணாம்னு சொல்லு."

"உனுக்கு ஜுரம்னா அவங்க ஏன் படத்துக்குப் போவக்கூடாது?"

"மனசு கேக்குமா அவங்களுக்கு?"

கண்ணகி போன் போட்டாள். மனசு கேட்கவில்லைதான். மத்தியானமே சரிதா இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு, தூக்குவாளியில் மிளகு ரசத்தோடு குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாண்ணா இப்படிப் படுத்துட்ட? நீ இல்லாம எங்களுக்கு இன்னா படம்? நாளைக்கி வரைக்கும் நான் இங்கியே இருந்து உன்னைத் தேத்தி, கையோட கூட்டினு போறேன்."

சின்னதைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். "பாருடி, இந்த மடியிலதான் உனுக்குக் காது குத்தப்போறோம். ஓடிப்போற மடியில்ல இது. அப்படித்தானண்ணா?"

சிங்காரவேல் ரசத்தைக் குடித்தான். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

இரவில் ராஜேந்திரனும் வந்து சேர்ந்தான். வாய்க்குள் தர்மாமீட்டரை வைத்துப் பார்த்தான்.

"ஜுரமே இல்லியே மச்சான்."

"உள்ஜுரம் மாப்ள."

"அப்ப ஏசி தியேட்டர் நல்லது. உள்ள இருக்கற சூட்ட இழுத்துடும்."

இப்படி ஒரு வைத்தியத்தைச் சிங்காரவேல் கேள்விப்பட்டதே இல்லை. கண்ணகியும் சரிதாவும் "ஆமாமாம்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மந்தாரக்குப்பத்துத் தியேட்டருக்கு வேனில் போனார்கள். வாசலில் ஆளுயர போஸ்டர். நிலக்கரித் துண்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஹீரோ கண்ணை மூடியிருந்தார். சுற்றிலும் நெற்கதிர் மாதிரி இலைகள் போட்டு, நடுநடுவே பொடி எழுத்தில் அவார்டு கொடுத்த ஊர் ஊராகப் பேர். அந்த இலை இருக்கிற படத்துக்குப் போகவே கூடாது. எத்தனை இலையோ அத்தனை நாழிகை சாகவேண்டும்.

"மப்ளர கழட்டேன், வேர்க்குது பாரு" என்றாள் கண்ணகி.

"காத்து அடிக்கும்" என்றான். முகம் வெளியே தெரியக்கூடாது என்று, தாடைக்குக் கீழே இன்னொரு சுற்றுச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

ஓரத்து சீட்டில் உட்காரலாம், சமயம் பார்த்து நழுவலாம் என்று நினைத்தான். ராஜேந்திரன் தோளைப் பிடித்து நடுவில் உட்கார வைத்தான். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் சரிதா. அவளுக்கு அப்பால் கண்ணகி. சின்னது சிங்காரவேல் மடியில். பவித்ரா அப்பன் மடியில் ஏறினாள்.

படம் ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளை.

"இன்னாடா இது, கலர் எங்க?" என்று பின்னால் ஒரு குரல்.

"கோடி கோடியா செலவு பண்ணதுல கலருக்குப் பத்தலபோல."

முதல் காட்சியில் கன்வேயர் பெல்ட் ஓடியது. ஓடியது. இன்னும் ஓடியது. பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, ஆள் கிடையாது. நிலக்கரி வருகிறது, போகிறது. டவுன்ஷிப் கூட்டம் பொறுமையாகப் பார்த்தது. கடைசியில் ஒருவருக்குத் தாங்கவில்லை.

"யோவ், இதத்தான்யா வாரம் ஆறு நாளு பாக்கறேன்! ஏழாவது நாளும் டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா?"

"ரோலர் ஒண்ணு சுத்தலய்யா. எவன்யா அந்த ஷிப்ட்டு?"

ஹீரோ வந்தார். பெல்ட்டுக்கு அடியில் குனிந்து நடந்தார்.

"ஹெல்மெட் எங்கடா?" என்று நாலு திசையிலிருந்தும் கத்தினார்கள். ஹீரோ காதில் விழவில்லை. நிலக்கரியை முகர்ந்து பார்த்தார். ஓர் ஆடு வந்தது. ஆடு அவரைப் பார்த்தது. அவர் ஆட்டைப் பார்த்தார். ஊருக்கு என்ன துக்கம், அவருக்கு என்ன துக்கம், ஆட்டுக்கு என்ன துக்கம் என்று எதுவும் விளங்கவில்லை.

திடீரென்று படத்தில் சைரன் ஊதியது. ஷிப்ட் முடியும் சைரன். நிஜச் சைரனையே பிடித்துப் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான். தியேட்டரில் பாதிப் பேர் பட்டென்று எழுந்துவிட்டார்கள். ஒருவர் சீட்டுக்கடியில் கைவிட்டு டிபன் பாக்ஸைத் தேடினார். சிங்காரவேலும் பழக்கத்தில் குழந்தையோடு எழுந்தான். ராஜேந்திரன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"படம் மச்சான். உக்காரு."

எழுந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், எழுந்தது எழுந்தோம் என்று அப்படியே வெளியே போனார்கள்.

இடைவேளையில் சிங்காரவேல் கெஞ்சினான். "போயிடலாம் மாப்ள. கொழந்தைங்களுக்குத் தூக்கம் வருது."

"காசு குடுத்தாச்சில்ல மச்சான். ஒரு படத்துக்கு வந்தா முழுசா பாத்துட்டுதான் போவணும்."

"தலைவலிக்குது."

சரிதா தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்துவிட்டாள். தைலம் கண்ணில் இறங்கியது. முறுக்கு விற்கிற ஆள் வந்தார். இவன் மப்ளரைப் பார்த்து, "பல்வலியாண்ணே?" என்று கேட்டார். "எல்லா வலியும்" என்றான்.

பின்பாதியில் தியேட்டரே காலி. இவர்கள் ஒரு வரிசை, முன்னால் ரெண்டு பேர். ஹீரோ மழைக்குக் காத்திருந்தார். மழையும் அவருக்குக் காத்திருந்தது போல. கண்ணகியின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சரிதா கண்ணை மூடினாள். ராஜேந்திரன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டான். பவித்ரா எப்போதோ தூங்கிப்போயிருந்தாள்.

சிங்காரவேலுக்கு உயிர் வந்தது. தூங்குங்கள், எல்லோரும் தூங்குங்கள். அவன் ஆயுசில் ஒரு படம் இத்தனை மெதுவாகப் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அப்போது திரையில் மண்மேடு வந்தது. மேலே மேகம். கீழே ஒரு பாய். பாயில் அவன்.

வெட்டவில்லை. வெட்டாதது மட்டுமா, கேமரா மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. திரை முழுக்கச் சிங்காரவேலின் முகம். ஒரு மூக்குத்துவாரம் கதவளவு இருந்தது. தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சு. அப்போதுதான் அவனுக்குத் தன் தலையிலிருக்கும் மப்ளர் ஞாபகம் வந்தது. திரையில் எப்படிக் கட்டியிருக்கிறதோ, அச்சு அசல் அப்படியே சீட்டிலும் கட்டியிருக்கிறது. அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகிப்போயிருந்தது.

கேமரா நகரவில்லை. ஒரு படம் எடுக்கிறவனுக்கு ஒரு முகத்தை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று அறிவு வேண்டாமா? பெற்ற தாய்கூட அவன் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டாள். ஓர் எறும்பு காதிலிருந்து கிளம்பி, கன்னத்தில் ஏறி, மீசையைச் சுற்றிக்கொண்டு போனது. அன்றைக்கு அந்த எறும்பு கடித்த இடம் இப்போது அரித்தது.

முன்வரிசையில் ஒருவர் சொன்னார். "பொணம் மூச்சு வுடுதுடா."

"எனக்கு இந்தப் பொணத்த எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு."

"நைட் ஷிப்ட் முடிஞ்சா நம்மூர்ல எல்லாரும் அப்படித்தான்டா இருக்கான்."

சிங்காரவேல் மூச்சை அடக்கினான். இரண்டு பக்கமும் பார்த்தான். நால்வரும் நல்ல தூக்கம். ஆனால் மடியில் ஒரு ஜோடிக் கண் மட்டும் கொட்டக்கொட்ட விழித்திருந்தது. சின்னது திரையைப் பார்த்தது. திரும்பி இவனைப் பார்த்தது. மறுபடி திரையைப் பார்த்தது. அதற்கு இந்த உலகத்தில் தெரிந்ததே ரெண்டு மூன்று வார்த்தைதான்.

விரலை நீட்டி, "மா...மா!" என்றது.

அதன் வாயைப் பொத்தினான். அது அவன் விரலைக் கவ்வியது. புதிதாக முளைத்த பல்லுக்கு எவ்வளவு கூர் என்று அது முளைத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது, கடிபட்டவருக்குத்தான் தெரியும். கத்தமுடியவில்லை. திரையில் ஹீரோ அவன் மார்பில் விழுந்து சத்தமில்லாமல் அழுதார். சீட்டில் இவனும் சத்தமில்லாமல் அழுதான். ராஜேந்திரனின் குறட்டை ஒரு நிமிஷம் நின்றது. சிங்காரவேலின் நெஞ்சும் நின்றது. குறட்டை மறுபடி கிளம்பியது. முன்னைவிடப் பலமாக.

ஒருவழியாகப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு மறுபடி பெல்ட் ஓடியது. படம் முடிந்து விளக்குப் போட்டார்கள்.

சரிதா கொட்டாவி விட்டாள். ராஜேந்திரன் கையை முறித்தான். "அசந்துட்டேன் மச்சான். கடைசில இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல மாப்ள. மழ வந்துது."

"யாராவது செத்தாங்களா?"

"ஒருத்தரும் சாவல!" என்றான் சிங்காரவேல். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான்.

"சாவு இல்லாமியா இத்தினி அவார்டு குடுத்தான்?" என்றாள் சரிதா.

"அது வந்தும்மா... நாமளே உணரவேண்டியது."

கண்ணகி பல்லால் கடித்து அவன் மப்ளர் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். வெளியே நல்ல காற்று. மடி பிழைத்துவிட்டது. சிவசங்கர் அந்தப் புது வேட்டியைப் பொங்கலுக்குக் கட்டிக்கொள்ளட்டும். சந்தோஷம் தாங்காமல் சிங்காரவேல் அந்தப் படத்தையே புகழ ஆரம்பித்துவிட்டான்.

"எனக்கென்னவோ மாப்ள, நல்ல படம்னுதான் தோணுது. நெதானமா எடுத்திருக்கான். இந்த மாதிரி ஒரு படத்த நம்ம ஆளுங்களால எடுக்கமுடியாது. எனக்குக் காய்ச்சலே போயிடுச்சு பாரேன்."

"அவ்ளோ புடிச்சிருந்துதா மச்சான்?"

"இன்னொரு வாட்டிகூடப் பாப்பேன்."

கண்ணகி ஏனோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். வேனை எடுக்க எல்லோரும் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், ராஜேந்திரன் கொடுத்த டோக்கனை வாங்கிக்கொண்டு, சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற சிங்காரவேலை மேலும் கீழும் பார்த்தார்.

"இவருதானா சார் அந்தப் பொணம்? 'முழுப் படத்தையும் உக்காந்து பாத்தாருன்னா மன்னிச்சி கொழந்தைய மடியில குடுத்துடலாம்'னு போன வாரம் படம் பாத்துட்டு இந்த ரெண்டு அம்மாங்களாண்டயும் சொல்லிகினு போனீங்களே, உக்காந்தாரா?"